கம்போடியா: முப்பது வருட என்ஜிஓ பணம் எங்கே போய்ச் சேர்ந்தது?

வைகைக்கரையான்

ரொம்ப நாளாக மனசில் ஓடும் கேள்வி. தேர்தல் நடக்கும், எதிர்க்கட்சி இருக்கும், பத்திரிகைகூட இருக்கும், ஆனால் ஆளுங்கட்சி மட்டும் தோற்காது என்ற வகை நாடுகள் இருக்கின்றன. அங்கே வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்கள் கொண்டுபோய்க் கொட்டும் பணம் ஜனநாயகத்துக்கு என்ன செய்கிறது? பொத்தாம்பொதுவாகப் பேசினால் நாலாவது பதிவில் அடிதடி ஆகிவிடும். அதனால் நான் கொஞ்சம் படித்துவைத்திருக்கும் கம்போடியாவை எடுத்துக்கொள்கிறேன்.

1991 அக்டோபரில், உள்நாட்டுப் போரை முடிக்க, பாரிஸ் ஒப்பந்தம். அதற்குப் பிறகு தேர்தல் முடியும்வரை நாட்டுக்குப் பொறுப்பு ஐநா. சுமார் 22,000 பேர், 150 கோடி டாலருக்கு மேல் செலவு. 1993 மே தேர்தலில் பதிவுசெய்தவர்களில் ஏறத்தாழ 90 சதவீதம் பேர் ஓட்டுப் போட்டார்கள். அரச குடும்பத்தின் ஃபுன்சின்பெக் 58 இடம், அப்போது பிரதமராக இருந்த ஹுன் சென்னின் கம்போடிய மக்கள் கட்சி 51. தோற்றவர் நாற்காலியை விடவில்லை. கிழக்கு மாகாணங்கள் பிரிந்துபோகும் என்ற மிரட்டல் வந்தது. ஒரே நாட்டுக்கு இரண்டு பிரதமர் என்று முடித்தார்கள். 1997 ஜூலையில் டாங்கி இறங்கியது, அதிகாரம் ஹுன் சென் ஒருவர் கைக்குப் போனது.

இதே வருடங்களில்தான் அட்ஹாக், லிக்காடோ என்ற மனித உரிமை அமைப்புகள், தேர்தல் கண்காணிக்கும் காம்ஃப்ரெல் எல்லாம் முளைத்தன. உள்ளூர்க்காரர்கள் தொடங்கியவை, வெளிநாட்டுப் பணத்தில் வளர்ந்தவை. அப்புறம் இருபத்தைந்து வருடம் பயிற்சி, கருத்தரங்கு, அறிக்கை.

2017 ஜூன் உள்ளாட்சித் தேர்தலில் எதிர்க்கட்சியான மீட்புக் கட்சி 44 சதவீத ஓட்டு வாங்கியது. செப்டம்பர் 3, நள்ளிரவு தாண்டி அதன் தலைவர் கெம் சோகா வீட்டில் கைது. நவம்பர் 16-இல் உச்ச நீதிமன்றம் கட்சியைக் கலைத்தது, 118 பேருக்கு ஐந்து வருடத் தடை. அடுத்த ஜூலையில் தேர்தல். மொத்தம் 125 இடம், ஆளுங்கட்சிக்கு 125.

தெருவில் பெரிய கூட்டம் ஏதும் இறங்கவில்லை. என் கேள்வி அந்த இடத்தில்தான். இருபத்தைந்து வருடம் வளர்த்த ‘குடிமைச் சமூகம்’ அன்றைக்கு எங்கே இருந்தது?

கறுப்புக்காபி

ஏர்கண்டிஷன் ரூமில் இருந்தது. வேறெங்கே?

கூகை

முதல் பந்திலேயே சிக்ஸர் :)

கறுப்புக்காபி

சிரிக்காதீர்கள், நிஜமாகத்தான் சொல்கிறேன். அமெரிக்க ஜனநாயகக் கட்சியோடு தொடர்புள்ள தேசிய ஜனநாயக நிறுவனம் புனோம்பென்னில் கடை விரித்திருந்தது. 2017 ஆகஸ்டில் அதை வெளியேற்றினார்கள். இன்னொரு நாட்டுக் கட்சியின் கிளை மாதிரியான அமைப்பு வந்து இங்கே வாக்குச்சாவடி வேலையைச் சொல்லித்தந்தால் நாம் சும்மா இருப்போமா? கெம் சோகா கதையையும் பாருங்கள். 2002-இல் மனித உரிமை மையம் தொடங்கினார், அமெரிக்கப் பணத்தில். 2007-இல் அதை விட்டு வெளியே வந்து கட்சி தொடங்கினார். என்ஜிஓ ஏணி, கட்சி மாடி. ஹுன் சென் சர்வாதிகாரிதான், மறுக்கவில்லை. ஆனால் அவர் கையில் கத்தியைக் கொடுத்தது யார்?

செவ்வந்தி

கறுப்புக்காபி சார், பாதி ஒத்துக்கொள்கிறேன், பாதி இல்லை. நான் பதினோரு வருடம் தொண்டு நிறுவனத்தில் வேலை பார்த்தவள். கம்போடியாவில் இல்லை, சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம். ஆனால் இந்தத் தொழிலின் யந்திரம் எந்த ஊரிலும் ஒன்றுதான், அதை உள்ளிருந்து பார்த்திருக்கிறேன்.

சதி எல்லாம் இல்லை. அதைவிடச் சப்பென்ற விஷயம். ஃபண்டிங் ஏஜென்சி ஒரு ப்ராஜெக்டுக்கு இரண்டு வருடம் அல்லது மூன்று வருடம் பணம் தரும். ப்ரொபோசல் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். அதனால் ஆங்கிலம் எழுதத் தெரிந்தவர் தலைவர் ஆகிறார். ஊரைத் தெரிந்தவர் ‘ஃபீல்டு ஸ்டாஃப்’ ஆகிறார். ரிப்போர்ட் போகிற திசை மேலே. பயிற்சிக்கு எத்தனை பேர் வந்தார்கள், அதில் பெண்கள் எத்தனை பேர், கையெழுத்துத் தாள் எங்கே என்று கேட்பார்கள். அந்த ஊர்க்காரர்களிடம் ‘இந்தச் சங்கம் உங்களுடையதா’ என்று ஒருத்தரும் கேட்டதில்லை. ஒருமுறை எங்கள் மீனவப் பெண்கள் குழு மீன் ஏலக் கமிஷனை எதிர்த்து மூன்று நாள் கடை அடைத்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் அந்த மூன்று நாளும் திட்டமிட்ட பயிற்சி நடக்கவில்லை என்று காலாண்டு அறிக்கையில் நான் விளக்கம் எழுத வேண்டியிருந்தது!

கம்போடியாவில் நடந்தது இதுவே பெரிய அளவில் என்றுதான் நினைக்கிறேன். பயிற்சிக்கு வருபவருக்குப் படிப்பணம், மதியச் சாப்பாடு. படிப்பணம் நின்ற அன்று கூட்டமும் நின்றுவிடும். பணம் கொடுத்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. உறுப்பினரிடம் மாதம் பத்து ரூபாய் சந்தா வசூலிக்கும் வழக்கத்தையே அந்தப் பணம் தேவையில்லாமல் ஆக்கிவிட்டது, அவ்வளவுதான். சந்தா கட்டாதவர் சங்கம் போனால் அழமாட்டார்.

பருத்தித்துறையான்

செவ்வந்தி அக்கா சொல்லுறது விளங்குது. ஆனால் நான் அங்கே இருந்தவன். 2012 இலிருந்து 2018 கடைசி வரைக்கும் புனோம்பென்னுக்கு வெளியே ஒரு கார்மென்ட்ஸில் கியூசி மேனேஜர். எங்கட இலங்கை ஆட்கள், உங்கட இந்திய ஆட்கள் கனபேர் அந்தத் துறையில் இருக்கினம். அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுறன், பொறுத்துக்கொள்ளுங்கோ.

2013 தேர்தல் முடிவில் ஆளுங்கட்சிக்கு 68, மீட்புக் கட்சிக்கு 55. களவு என்று சனம் தெருவுக்கு வந்தது. டிசம்பரில் கார்மென்ட்ஸ் தொழிலாளரும் சேர்ந்திட்டினம். அப்ப ஆகக்குறைந்த சம்பளம் மாதம் 80 டாலர், கேட்டது 160. 2014 ஜனவரி 3, வெங் ஸ்ரெங் வீதியில் இராணுவப் பொலிஸ் சுட்டது. நாலு பேராவது செத்தது. அன்றைக்கு எங்கட கேட்டைப் பூட்டிவிட்டு உள்ளே இருந்தம். சத்தம் எங்களுக்குக் கேட்டது.

அந்த வீதிக்குப் போய் காயப்பட்டவையை எண்ணினது, பிடிபட்ட 23 பேரும் எங்கே வைக்கப்பட்டிருக்கினம் என்று தேடினது, வழக்கில் நின்றது ஆர்? வெளிநாட்டுக் காசில் ஓடின அந்த மனித உரிமை அமைப்புகளும் சட்ட உதவி அமைப்புகளும்தான். துணி வாங்கிற பெரிய பிராண்டுகளும் அரசாங்கத்துக்குக் கடிதம் எழுதினது. மே கடைசியில் அந்தப் பேர் எல்லாரும் ஒத்திவைத்த தண்டனையோடு வெளியில் வந்தவை. அந்த அமைப்புகள் இல்லாட்டி அவையளின்ட பேர்கூட வெளியில் வந்திராது.

சம்பளம் 2018 இல் 170 டாலர். அதை ஆர் வாங்கிக் குடுத்தது? ஹுன் சென் தான் குடுத்ததாகச் சொல்லுவார், ஒவ்வொரு கிழமையும் தொழிலாளரைக் கூப்பிட்டுக் கூட்டம் வைத்துச் சொன்னவர். ஆனால் 2013 இல் அடிவயிறு கலங்காமல் அவர் ஒரு சதமும் கூட்டியிருக்கமாட்டார்.

அதனால் ஏர்கண்டிஷன் ரூம் கதையை நான் ஒத்துக்கொள்ளமாட்டன், கறுப்புக்காபி.

கறுப்புக்காபி

நேரில் பார்த்தவரிடம் வாதாட மாட்டேன். ஆனால் நீங்கள் சொன்னதில் தெருவுக்கு வந்தது தொழிற்சங்கம். என்ஜிஓ வந்தது முதலுதவிப் பெட்டியோடு.

பருத்தித்துறையான்

முதலுதவிப் பெட்டி சின்ன விஷயம் இல்லை, தம்பி.

கணக்கன்

இரண்டு பேரும் உரிமை அமைப்புகளைப் பற்றியே பேசுகிறீர்கள். மொத்த உதவியில் அது சின்னத் துண்டு. பெரிய பணம் ஆஸ்பத்திரி, பள்ளி, குடிநீர், சாலை, கண்ணிவெடி அகற்றுவது ஆகியவற்றுக்குப் போனது. 2000-களில் பல வருடம் வெளிநாட்டு உதவி அரசின் வரவுசெலவில் பாதிக்கு நிகராக இருந்தது.

ஒரு வீட்டில் பிள்ளைகளின் ஃபீஸையும் மருந்துச் செலவையும் மாமனார் கட்டுகிறார் என்று வையுங்கள். மாப்பிள்ளையின் சம்பளம் எங்கே போகும்? கம்போடியாவில் மாப்பிள்ளை சீட்டாடவில்லை, கட்சி வளர்த்தார். நாடு முழுக்க ‘ஹுன் சென் பள்ளி’ என்று பெயர் தாங்கிய கட்டடங்கள் இருக்கின்றன. கட்சிக்கு வேண்டிய செல்வந்தர்கள் பணம் போடுவார்கள். அவர்களுக்கு நிலமும் குத்தகையும் கிடைக்கும். பள்ளி பிரதமரின் ‘அன்பளிப்பு’ ஆகும். அரசு வரி வாங்கி, பட்ஜெட் போட்டு, மக்கள் கணக்குக் கேட்கும் பாதையே அங்கே அமையவில்லை. வரி கட்டாதவனுக்குக் கேள்வி கேட்கவும் தோன்றாது. ஆஸ்பத்திரி வெள்ளைக்காரர் தந்தது, பள்ளி ஐயா தந்தது. அரசு எது தந்தது? யாருக்கும் தெரியாது.

இன்னொன்று. கம்போடியச் செஞ்சிலுவைச் சங்கத்தின் தலைவர் 1998 முதல் ஹுன் சென்னின் மனைவி புன் ரானி. வெள்ளம் வந்தால் அரிசியும் நூடுல்ஸும் எந்த முகத்தோடு வீட்டுக்கு வரும் என்று யோசியுங்கள்.

செவ்வந்தி

கணக்கன் சொன்ன மாமனார் உதாரணம் சரி. ஆனால் அந்த மாமனார் பணம் கொடுக்காமல் இருந்தால் பிள்ளை செத்துப்போகுமே? காந்தா போஃபா ஆஸ்பத்திரிகளை எடுத்துக்கொள்ளுங்கள். சுவிஸ் டாக்டர் பெயாட் ரிஷ்னர் 1992-இல் திரும்பவும் திறந்தது. குழந்தைகளுக்கு முழுக்க இலவசம். அந்த மனுஷன் சியெம் ரீப்பில் சுற்றுலாப் பயணிகளுக்கு செல்லோ வாசித்து நன்கொடை திரட்டினார். 2018-இல் இறந்தார். ‘இவர் சர்வாதிகாரத்துக்கு முட்டுக்கொடுத்தார்’ என்று என்னால் எழுத முடியாது, கை வராது.

பருத்தித்துறையான்

எங்கட லைனில் வேலை செய்த ஒரு பிள்ளையின்ட மகனுக்கு டெங்கு. காந்தா போஃபாவில்தான் வைத்திருந்தது. ஒரு றியல் செலவில்லை. அந்தத் தாய்க்கு ஜனநாயகம் பற்றி வகுப்பெடுக்க நான் ஆர்?

கணக்கன்

முட்டுக்கொடுத்தார் என்று நானும் சொல்லவில்லை. ஆனால் 2017-இல் ஒன்று நடந்தது. அங்கோர் கோயில் நுழைவுச்சீட்டு விலையை ஏற்றியபோது ஒவ்வொரு சீட்டிலிருந்தும் 2 டாலர் அந்த ஆஸ்பத்திரிக்கு என்று அரசு ஒதுக்கியது. அதாவது அந்த நாட்டுக் கோயில் வருமானத்திலிருந்தே அந்த நாட்டுக் குழந்தைகளுக்குச் செலவு செய்ய முடிந்திருக்கிறது. 25 வருடம் கழித்து. முன்பே ஏன் செய்யவில்லை? சூரிச்சிலிருந்து பணம் வந்துகொண்டிருந்தது, அதனால். ரிஷ்னரைக் குறை சொல்லவில்லை. அவர் கட்டிய ஆஸ்பத்திரியை நிழலாக்கிக்கொண்டு யார் உட்கார்ந்திருந்தார்கள் என்றுதான் பார்க்கிறேன்.

குற்றாலச்சாரல்

நம்ம ஊர் எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடையைக் கட்டுப்படுத்தும் சட்டம்) பற்றி யாரும் பேசமாட்டீர்களா? 2012-இல் கூடங்குளம் போராட்டத்துக்குப் பின்னால் வெளிநாட்டுப் பண என்ஜிஓக்கள் என்று மன்மோகன் சிங்கே ஒரு பேட்டியில் சொன்னார். சில அமைப்புகளின் கணக்கை முடக்கினார்கள். இடிந்தகரைப் பெண்கள் என்ன டாலரிலா கஞ்சி காய்ச்சினார்கள்? கடலுக்குப் போகிறவன் பிடித்த மீனில் ஒரு பங்கு போட்டு நடத்திய போராட்டம் அது.

நெறியாளர்

சாரல், நல்ல விஷயம், ஆனால் அதற்குத் தனி இழை இருக்கிறது, மூன்று வருடமாக எரிந்துகொண்டிருக்கிறது. இங்கே கம்போடியாவும் அதைப் போன்ற நாடுகளும் மட்டும்.

குற்றாலச்சாரல்

சரி சரி. ஆனால் அந்தப் பங்குக் கணக்கை மட்டும் நினைவில் வையுங்கள். செவ்வந்தி சொன்ன சந்தா விஷயமும் அதுவும் ஒன்றுதான்.

வைகைக்கரையான்

எல்லாருக்கும் நன்றி. பதிவு இவ்வளவு நல்லபடியாகப் போகும் என்று எதிர்பார்க்கவில்லை. ஒரு கதை சொல்கிறேன், இதில் உங்கள் எல்லாருடைய வாதமும் இருக்கிறது.

புனோம்பென் நடுவில் பெங் காக் என்று ஒரு ஏரி. கரையில் சுமார் நாலாயிரம் குடும்பங்கள். உலக வங்கி உள்ளிட்டோர் பணத்தில் 2002-இலிருந்து நிலப்பட்டா வழங்கும் திட்டம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. ஏரிக்கரைக்காரர்கள் பட்டா கேட்டபோது கிடைக்கவில்லை. 2007-இல் 133 ஹெக்டேரை ஆளுங்கட்சிக்கு நெருக்கமான கம்பெனிக்கு 99 வருடக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டார்கள். மணலைக் கொட்டி ஏரியை மூடினார்கள். வீட்டுக்குள் சேறு வந்தது. பெரும்பாலோர் கிடைத்த நஷ்டஈட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

மிச்சம் நின்றவர்கள் பெரும்பாலும் பெண்கள். டெப் வன்னி பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். உலக வங்கியில் ‘ஆய்வுக் குழு’ என்று ஒன்று உண்டு. வங்கித் திட்டத்தால் பாதிக்கப்பட்டவர்கள் நேராக அங்கே புகார் கொடுக்கலாம். உள்ளூர், வெளியூர் என்ஜிஓக்கள் அந்தப் புகாரை எழுதவும் அனுப்பவும் உதவின. அதுவரை சாதுவாக இருந்த வங்கி, 2011-இல், இந்த மக்களுக்கு ஒரு தீர்வு வரும்வரை கம்போடியாவுக்குப் புதுக் கடன் இல்லை என்று சொன்னது. அந்த ஆகஸ்டிலேயே ஹுன் சென் 12.44 ஹெக்டேரை மீதமிருந்த குடும்பங்களுக்கு ஒதுக்கி ஆணை போட்டார்.

இந்த இடத்தில் பணம் வேலை செய்தது. ஏன் செய்தது? தினமும் போய்த் தெருவில் உட்கார்ந்து அடிவாங்க ஆட்கள் இருந்தார்கள். அவர்களுக்குப் படிப்பணம் கிடையாது, சொந்த வீடு பணயம். அவர்கள் எழுப்பிய சத்தத்தை வாஷிங்டன்வரை கொண்டுபோகும் குழாயாக என்ஜிஓ இருந்தது. குழாய் மட்டும் இருந்து தண்ணீர் இல்லாமல் இருந்த இடங்கள்தான் கம்போடியாவில் நிறைய என்று எனக்குப் படுகிறது.

மிச்சக் கதையையும் சொல்லிவிடுகிறேன். 2016-இல் வங்கி திரும்பக் கடன் கொடுக்கத் தொடங்கியது. அதே வருடம் ஆகஸ்டில் டெப் வன்னி கைது; 2018 ஆகஸ்டில், தேர்தல் முடிந்து, மன்னிப்பில் விடுதலை.

கறுப்புக்காபி

இதை எழுதியதற்கு நன்றி. நான் முதலில் சொன்னதைக் கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன். ஆனால் கெம் சோகா விஷயம் அப்படியே நிற்கிறது. அவர்மேல் தேசத்துரோக வழக்குக்கு முக்கிய ஆதாரம் என்ன? 2013-இல் ஆஸ்திரேலியாவில் பேசிய வீடியோ. அமெரிக்கா எனக்கு உதவுகிறது, ஆலோசனை சொல்கிறது என்று அவர் வாயாலேயே சொன்னது. 2023 மார்ச்சில் 27 வருடத் தண்டனை, வீட்டுக்காவல். வழக்கு போலிதான், தெரியும். ஆனால் ‘அந்நியக் கைக்கூலி’ என்ற பழிக்கு ஆவணம் தேடி அலைய வேண்டியதில்லாமல் போய்விட்டது அல்லவா?

செவ்வந்தி

பணமே வாங்காத ஆளையும் கைக்கூலி என்பார்கள். கெம் லே என்ன செய்தார்? வானொலியில் எளிய கெமர் மொழியில் ஆட்சியை விமர்சித்தார். 2016 ஜூலை 10 காலை, பெட்ரோல் பங்க் கடையில் காபி குடித்துக்கொண்டிருந்தவரைச் சுட்டார்கள். இறுதி ஊர்வலத்தில் எவ்வளவு ஜனம்! அந்த ஜனத்தை எந்த ப்ராஜெக்டும் கூட்டிவரவில்லை.

கறுப்புக்காபி

அதைத்தானே அக்கா நானும் சொல்கிறேன். ப்ராஜெக்ட் கூட்டிவராத ஜனம்தான் ஜனம்.

செவ்வந்தி

அவர் பேசிய வானொலிகளில் ஒன்று அமெரிக்கப் பணத்தில் ஓடியது தம்பி. ரேடியோ ஃப்ரீ ஏஷியா. இப்போது எந்தப் பக்கம் எழுதுவீர்கள்?

கூகை

:) :)

கணக்கன்

இதைக் கொஞ்சம் கம்போடியாவுக்கு வெளியேயும் வைத்துப் பார்க்கலாம், நெறியாளர் மன்னிப்பாராக. எத்தியோப்பியா. 2005 தேர்தலில் எதிர்க்கட்சி எதிர்பாராத அளவு இடம் பிடித்தது. கலவரம், சூடு, கைது. 2009-இல் ஒரு சட்டம். மனித உரிமை, ஜனநாயகம், பெண்ணுரிமை, சமரசம் இவற்றில் வேலை செய்யும் அமைப்பு தன் வருமானத்தில் 10 சதவீதத்துக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வாங்கக் கூடாது. கிணறு வெட்டலாம், விதை கொடுக்கலாம், அதற்கு எவ்வளவு வேண்டுமானாலும் வாங்கலாம். எத்தியோப்பிய மனித உரிமைக் கழகத்தின் வங்கிக் கணக்கை முடக்கினார்கள். மற்ற பல அமைப்புகள் உரிமை என்ற சொல்லைப் பெயர்ப்பலகையிலிருந்து அழித்துவிட்டு வளர்ச்சி வேலைக்கு மாறின.

பணம் கொடுத்த நாடுகள் என்ன செய்தன? கண்டனம் தெரிவித்துவிட்டு, உணவுப் பாதுகாப்புத் திட்டத்துக்கும் சுகாதாரத்துக்கும் தொடர்ந்து கொடுத்தன. 2015 தேர்தல்: 547 இடமும் ஆளுங்கூட்டணிக்கும் அதன் தோழமைக் கட்சிகளுக்கும். சட்டத்தை 2019-இல்தான் மாற்றினார்கள், அதுவும் உள்ளே எழுந்த போராட்டத்தால் ஆட்சித் தலைமை மாறிய பிறகு.

125-க்கு 125. 547-க்கு 547. இந்த ஆட்சியாளர்கள் வெளிநாட்டுப் பணத்தை வெறுக்கவில்லை. முறத்தில் போட்டுப் புடைக்கிறார்கள். ஆஸ்பத்திரி, அரிசி, கிணறு இந்தப் பக்கம். தேர்தல் கண்காணிப்பு, சட்ட உதவி, பத்திரிகை கீழே. கொடுப்பவரும் ‘பாவம், ஏழை மக்கள்’ என்று நினைத்து அந்தப் புடைத்த கணக்கை ஏற்றுக்கொள்கிறார்.

கம்போடியாவின் 2015 என்ஜிஓ சட்டமும் இதே கைவேலைதான். சதவீதம் எல்லாம் போடவில்லை. பதிவு கட்டாயம், ‘அரசியல் நடுநிலை’ கட்டாயம். நடுநிலை என்றால் என்ன என்று அமைச்சகம் சொல்லும். 2017-இல் தேர்தலைக் கூட்டாகக் கண்காணித்த அமைப்புகளை அந்தச் சொல்லை வைத்தே நிறுத்தினார்கள். வெளிநாட்டுப் பணம் வாங்கும் அமைப்புகள்மேல் ரஷ்யா 2012-இல் குத்தத் தொடங்கிய ‘அந்நிய முகவர்’ முத்திரை 2024-இல் ஜார்ஜியாவரை வந்தது. அங்கே வருமானத்தில் 20 சதவீதத்துக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வந்தால் முத்திரை என்று வரம்பு. ஜார்ஜியர்கள் திபிலீசித் தெருவை நிரப்பினார்கள், ஆனாலும் சட்டம் நிறைவேறியது.

வைகைக்கரையான்

அப்போது தெருவை நிரப்பினாலும் பயனில்லை என்கிறீர்களா?

கணக்கன்

அப்படிச் சொல்லவில்லை. தெரு நிரம்பியதற்கும் என்ஜிஓ பணத்துக்கும் நேர்க்கோடு போடாதீர்கள் என்கிறேன். இரண்டு பக்கமும்.

சீனாவையும் விட்டுவிட்டோம். 2009 டிசம்பர் 19-இல் அடைக்கலம் தேடி வந்த 20 உய்குர்களை (சீனாவின் முஸ்லிம் சிறுபான்மையினர்) கம்போடியா சீனாவுக்குத் திருப்பி அனுப்பியது. இரண்டே நாளில் அப்போது துணை அதிபராக இருந்த ஷி ஜின்பிங் வந்தார். ஏறத்தாழ 120 கோடி டாலர் ஒப்பந்தங்கள். அப்புறம் மேற்கு நாடு ‘நிறுத்துவேன்’ என்று சொன்னால் யாருக்குப் பயம்? 2018 தேர்தலுக்கு அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் உதவியை நிறுத்தின. ஜப்பான் ஓட்டுப்பெட்டி கொடுத்தது. தேர்தல் அருமையாக நடந்தது, போட்டிதான் இல்லை. 2020 ஆகஸ்டில் ஐரோப்பா வரிச்சலுகையில் ஒரு பகுதியை, ஏற்றுமதியில் ஐந்தில் ஒரு பங்குக்கு, எடுத்துக்கொண்டது. ஆனாலும் கெம் சோகா மேலிருந்த வழக்கைக் கைவிடவில்லை.

பருத்தித்துறையான்

அந்த வரிச்சலுகை போனது எங்கட துறையைத்தான் தட்டினது. நியாயம் கேட்டு அடிக்கிற அடி முதலில் தையல்காரப் பிள்ளையின்ட முதுகில் விழும். ஐரோப்பாக்காரருக்கு அது தெரியும், தெரிஞ்சுதான் ஒரு பகுதியை மட்டும் எடுத்தவை.

செவ்வந்தி

2025 ஜனவரியில் அமெரிக்கா உதவியை ஒரேயடியாக நிறுத்தியதே, அதைப் பற்றி யாருக்காவது தெரியுமா? கம்போடியாவில் கண்ணிவெடி அகற்றும் வேலை நின்றது என்று படித்தேன்.

கணக்கன்

கொஞ்ச நாள் நின்றது, பிறகு விலக்குக் கொடுத்தார்கள். அந்த இடைவெளியில் சீனா 44 லட்சம் டாலர் கொடுத்தது. சீனக்காசு கண்ணிவெடிக்கு வந்தது. அந்தக் காசு நீதிமன்றத்துக்கு வக்கீல் அனுப்ப, சிறையில் இருப்பவர் வீட்டுக்கு அரிசி அனுப்ப வருமா என்று கேட்காதீர்கள். அந்த இடத்தில் இருந்த டாலருக்கு மாற்று இல்லை. கறுப்புக்காபி கேலி செய்த பணம் அதுதான்.

கறுப்புக்காபி

கேலியை வாபஸ் வாங்கிவிட்டேனே ஐயா, மேலே பாருங்கள். இருந்தாலும் ஒன்று. முப்பது வருடத்தில் அந்த வக்கீல்களுக்கு உள்ளூரில் பத்தில் ஒரு பங்கு பணமாவது திரட்டும் வழியை யாராவது முயன்று பார்த்தார்களா? புத்த விகாரைக்கு அந்த ஜனம் கொடுக்காமலா இருக்கிறது?

செவ்வந்தி

விகாரைக்குக் கொடுத்தால் புண்ணியம். லிக்காடோவுக்குக் கொடுத்தால் ஊர்த்தலைவர் வீட்டுக்கு வருவார். 2017-க்குப் பிறகு எந்தக் கடைக்காரர் துணிந்து கொடுப்பார்? முன்பு, பயம் குறைவாக இருந்த காலத்தில், முயன்றிருக்கலாம். அப்போது ஃபண்டர் பணம் தாராளமாக வந்ததால் யாரும் முயலவில்லை. என் அனுபவத்தில் அதுதான் நடக்கும். பணம் வரும்போது நேரம் இருக்காது, நேரம் வரும்போது பணம் இருக்காது.

வைகைக்கரையான்

பருத்தித்துறை அண்ணே, நான் முதலில் கேட்டதற்கு நீங்கள் பதில் சொல்லவில்லை. 2018-இல் நீங்கள் அங்கேதான் இருந்தீர்கள். தெரு ஏன் காலி?

பருத்தித்துறையான்

2014 இல் சுட்டதை ஒருத்தரும் மறக்கேல்லை, அது முதலாவது. தலைவர்மார் ஒன்றில் உள்ளே, அல்லது வெளிநாட்டில். ஆர் கூப்பிடுகிறது, எங்கே கூடுகிறது? கம்போடியா டெய்லி பேப்பர் 63 லட்சம் டாலர் வரி என்று சொல்லி 2017 செப்டம்பரிலேயே மூடியாச்சு. நாங்கள் வாசிக்கிற ஒரே ஆங்கிலப் பேப்பர் அது, லஞ்ச் நேரம் சுற்றில் வரும்.

தேர்தலுக்கு மூன்று நாள் சம்பளத்தோடு லீவு, எல்லாரும் ஊருக்குப் போய் ஓட்டுப் போட வேண்டும் என்று. வெளிநாட்டில் இருந்த எதிர்க்கட்சிக்காரர் ‘விரலைச் சுத்தமாக வைத்திருங்கோ’ என்றவை, அதாவது ஓட்டுப் போடாதேங்கோ. ஆனால் மை இல்லாத விரலோடு வேலைக்குத் திரும்பி வர ஆருக்குத் துணிவு? செவ்வாய்க்கிழமை காலமை எங்கட லைனில் சுப்பவைசர் ஒன்றும் கேட்கேல்லை, ஆனால் எல்லாரும் விரலைக் காட்டிக் கொண்டுதான் வந்தவை. (2013 இல் அந்த மை எலுமிச்சம் புளியில் அழியுது என்று பெரிய பகிடி. இந்தியாவிலிருந்து வந்த மை என்று என்னட்டக் கேட்டவை. நான் இலங்கை என்று தப்பினன்.)

பிறகு கணக்கு வந்தது. செல்லாத ஓட்டு கிட்டத்தட்ட 6 லட்சம். இரண்டாவதாக வந்த கட்சி எடுத்ததைவிடக் கூட. நான் சொன்ன அந்த டெங்கு பிள்ளையின்ட தாய், வைகைக்கரையான், அவ ஒருநாள் கான்டீனில் மேசையில் விரலால் ஒரு பெரிய பெருக்கல் குறி கீறிக் காட்டினவ. சிரிக்கவும் இல்லை. சோற்றைச் சாப்பிட்டுவிட்டு எழும்பிப் போட்டா.

வைகைக்கரையான்

இந்த ஆறு லட்சத்தை நான் எங்கேயோ படித்தேன், ஆனால் கடந்து போய்விட்டேன். எனக்குத் தெரு மட்டும்தான் கண்ணில் பட்டிருக்கிறது.

கணக்கன்

2023 தேர்தலுக்கு முன்னால் அதற்கும் சட்டம் போட்டுவிட்டார்கள். ஓட்டைச் செல்லாததாக்கச் சொல்லித் தூண்டினால் தண்டனை. ஓட்டுப் போடாதவர் பிறகு வேட்பாளராக முடியாது. ஆளுங்கட்சி 120, ஃபுன்சின்பெக் 5. அடுத்த மாதம் ஹுன் சென்னின் மகன் ஹுன் மானெட் பிரதமர்.

செவ்வந்தி

அந்தத் தாய் இப்போது எங்கே இருக்கிறார் அண்ணா? தொடர்பு உண்டா?

பருத்தித்துறையான்

2020 இல் அந்தத் தொழிற்சாலை மூடினது. அவ ஊருக்குப் போய்விட்டா, கம்பொங் சாம் பக்கம். மகன் இப்ப பெரிய பள்ளிக்கூடம். புது வருஷத்துக்கு, அதாவது எங்கட சித்திரைப் புத்தாண்டு நாட்களில்தான் அவையளுக்கும், படம் அனுப்புவா. 2023 இல் என்ன செய்தவ என்று நான் கேட்கேல்லை. அதெல்லாம் ஃபோனில் கேட்கிறதில்லை.